கேப்டன் ஆன பிறகும் ஏன் இடம் கிடைக்கவில்லை? அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டுக்கு உள்ள இரண்டு கணக்குகள்

ஒரே பள்ளி, ஒரே டென்னிஸ் அணி, இரண்டு மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுக்கு அக்டோபர் மாதமே ஒரு புகழ்பெற்ற பல்கலைக்கழகத்திலிருந்து, ‘உனக்கு இடம் உண்டு என்றே நினைத்துக்கொள்ளலாம்’ என்ற பொருளில் கடிதம் வந்துவிடுகிறது. மற்றவன் இரண்டு ஆண்டுகள் அணியின் கேப்டன். மதிப்பெண்ணும் அவனுக்குத்தான் கூடுதல். மார்ச் கடைசியில் அதே பல்கலைக்கழகம் அவனுக்குக் கையை விரித்துவிடுகிறது.

நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் பிள்ளைகளைப் பள்ளியில் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒவ்வொரு ஏப்ரலும் இதுபோன்ற கதைகள் சுற்றுகின்றன. முதல் மாணவனைப் பார்த்தவர் ‘விளையாட்டு இருந்தால் போதும்’ என்கிறார். இரண்டாமவனைப் பார்த்தவர் ‘நாலு வருஷம் வெயிலில் ஓடியது வீண்’ என்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. ‘விளையாட்டு’ என்ற ஒரே சொல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் இரண்டு தனித்தனி விஷயங்களைக் குறிக்கிறது. இரண்டையும் முடிவு செய்பவர்கள் வேறு, காலம் வேறு, அளவுகோலும் வேறு. இது பிடிபட்டால் மேலே சொன்ன இரண்டு கதைகளிலும் புதிர் ஒன்றும் இல்லை.

முதலில் சில சொற்கள்

வார்சிட்டி என்பது பள்ளியின் முதன்மை அணி. ஜேவி, அதாவது ஜூனியர் வார்சிட்டி, அதற்கு அடுத்த படி. கிளப் அல்லது டிராவல் டீம் என்பது பள்ளிக்கு வெளியே காசு கட்டி ஆடும் அணி. சாக்கர், வாலிபால், டென்னிஸ் போன்றவற்றில் கல்லூரி கோச்சுகள் ஆட்டக்காரர்களைத் தேடுவது பெரும்பாலும் இந்த வெளிப் போட்டிகளில்தான், பள்ளி ஆட்டங்களில் அல்ல.

கல்லூரி விளையாட்டின் பெரிய நிர்வாக அமைப்பு என்சிஏஏ. 1906இல் தொடங்கியது. அதில் மூன்று டிவிஷன்கள். முதலிரண்டிலும் விளையாட்டுக்காக உதவித்தொகை தரலாம். மூன்றாம் டிவிஷனில் தரக்கூடாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகள் முதல் டிவிஷனில் ஆடினாலும், 1954ஆம் ஆண்டு தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. அவை வீரருக்குத் தருவது பணத்தைவிட அரிதான ஒன்று: இடம்.

ஹோலிஸ்டிக் ரிவ்யூ என்பது மதிப்பெண்ணோடு கட்டுரை, பரிந்துரைக் கடிதம், செயல்பாடுகள், குடும்பச் சூழல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விண்ணப்பத்தைப் படிக்கும் முறை. தமிழ்நாட்டில் நமக்குப் பழக்கமான கணக்கு இதற்கு நேர் எதிர். இங்கே பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு என்று 500 இடங்கள் உண்டு. சான்றிதழைச் சரிபார்த்து, எந்த மட்டத்துப் போட்டி என்று பார்த்து மதிப்பெண் போட்டு, தரவரிசை வெளியிடுவார்கள். 2024–25 முதல் ஐஐடி மெட்ராஸ் ஒவ்வொரு பி.டெக் பிரிவிலும் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. அதற்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேர்ச்சிப் பட்டியலில் இருந்தாக வேண்டும். ஆக, சான்றிதழுக்கு இவ்வளவு என்று விலை எழுதி ஒட்டியிருக்கிறது. அமெரிக்காவில் அப்படி எந்த விலைப்பட்டியலும் கிடையாது. மாநில அளவில் மூன்றாம் பரிசு என்றால் எத்தனை புள்ளி என்று கேட்டால் அங்கே யாருக்கும் கேள்வியே புரியாது.

முதல் கணக்கு: கோச்சின் பட்டியல்

இதற்கு ரிக்ரூட்டிங் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால் ஆள் எடுப்பது. கல்லூரியின் டென்னிஸ் கோச்சுக்கு அடுத்த ஆண்டு இரண்டு ஆட்டக்காரர்கள் தேவை. அவர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அதில் பெயர் ஏறிய மாணவர் மற்ற விண்ணப்பதாரர்களோடு போட்டியிடுவதில்லை. அந்த இரண்டு இடங்களுக்காக உலகம் முழுவதிலுமிருந்து வரும் டென்னிஸ்காரர்களோடு போட்டியிடுகிறார்.

இது நடக்கும் வரிசை:

1. பெரும்பாலான முதல் டிவிஷன் விளையாட்டுகளில், மாணவர் 10ஆம் வகுப்பை முடித்த ஜூன் 15 முதல் கோச் நேரடியாகப் பேசலாம். அதற்கு முன்பே மாணவர் வீடியோவும் போட்டி முடிவுகளும் அனுப்பி வைத்திருப்பார்.

2. 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில் ‘ப்ரீ-ரீட்’. கோச் மதிப்பெண் பட்டியலையும் எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணையும் வாங்கி அட்மிஷன் ஆபீஸில் கொடுக்கிறார். அவர்கள் ‘சரி’, ‘சந்தேகம்’, ‘வேண்டாம்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். விண்ணப்பம் என்ற ஒன்று இன்னும் எழுதப்படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

3. ‘சரி’ வந்தால், கோச் தன்னிடம் உள்ள ஆதரவை அந்த மாணவருக்குத் தருவதாகச் சொல்கிறார். மாணவர் நவம்பர் 1ஆம் தேதியை ஒட்டி முடியும் முன்கூட்டிய சுற்றில் விண்ணப்பிக்கிறார்.

4. ஐவி லீக் கல்லூரிகள் அக்டோபர் முதல் தேதியிலிருந்து ‘லைக்லி லெட்டர்’ அனுப்பலாம். நம் முதல் மாணவனுக்கு வந்தது இதுதான்.

படிப்பு இதில் பொருட்டே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஐவி லீக்கில் அகடமிக் இண்டெக்ஸ் என்று ஒரு எண் உண்டு. பள்ளி மதிப்பெண்ணையும் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடும் எண். அணியில் எடுக்கப்படுபவர்களின் சராசரி, கல்லூரியின் பொதுச் சராசரியிலிருந்து ரொம்பக் கீழே போய்விடாமல் அது கட்டிப்போடுகிறது. அதனால் நன்றாகப் படிக்கும் சுமாரான ஆட்டக்காரரை, அவருடைய எண்ணுக்காகவே கோச் விரும்புவதும் உண்டு. முதல் டிவிஷனில் ஆட என்சிஏஏ கேட்கும் அடிப்படையும் உண்டு: 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் 4க்குக் குறைந்தது 2.3 சராசரி. அந்த 16இல் 10 பாடங்களை 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். 9ஆம் வகுப்பில் கோட்டைவிட்டதைக் கடைசி ஆண்டில் எட்டிப்பிடிக்க முடியாது.

இந்தக் கணக்கின் பலம் எவ்வளவு என்பது வெளியே தெரிய ஒரு வழக்கு தேவைப்பட்டது. 2014இல் ஹார்வர்ட் மீது தொடரப்பட்டு, 2018இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்து, 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அது. இன அடிப்படையிலான சேர்க்கை பற்றியது. ஆனால் அதில் வெளிவந்த ஆவணங்கள் விளையாட்டைப் பற்றியும் நிறையப் பேசின. ஹார்வர்டில் ரிக்ரூட் செய்யப்பட்ட வீரர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. வீரரும் இல்லை, முன்னாள் மாணவரின் பிள்ளையும் இல்லை, நன்கொடையாளரோ பேராசிரியரோ வீட்டில் இல்லை என்ற சாதாரண விண்ணப்பதாரருக்கு அது 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இந்த 86ஐ அப்படியே எடுத்துக்கொள்வதும் சரியில்லை. ப்ரீ-ரீடில் ‘வேண்டாம்’ என்று திரும்பியவர்கள் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். வடிகட்டி முடித்த பிறகு எண்ணிய எண் அது. இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது.

எத்தனை பேர் இந்த வாசலில் நுழைகிறார்கள்? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டில் பங்கேற்பவர் எண்ணிக்கை 80 லட்சத்துக்கு மேல்; இரண்டு விளையாட்டு ஆடுபவரை இரண்டு முறை எண்ணிய கணக்கு அது. என்சிஏஏ அணிகளில் ஆடுபவர் 5 லட்சத்துச் சொச்சம். பள்ளியில் ஆடுபவர்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர் சுமார் 7 சதவீதம், விளையாட்டு உதவித்தொகை பெறுபவர் சுமார் 2 சதவீதம் என்பது என்சிஏஏவே சொல்லும் கணக்கு.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விளையாட்டு என்றதும் அலபாமா, ஒஹையோ என்று பெரிய ஸ்டேடியங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் மொத்த மாணவரில் வீரர் பங்கு அதிகமாக இருப்பது சின்னக் கல்லூரிகளில். ஹார்வர்டில் இளநிலை மாணவர் சுமார் 7,000 பேர், அணிகள் 42. மாசசூசெட்ஸில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் மாணவர் 2,000 பேர்கூட இல்லை. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு கல்லூரி அணியில் ஆடுகிறார். அங்கே உதவித்தொகை கிடையாது; மூன்றாம் டிவிஷன். இடம் மட்டும் உண்டு. முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் படிக்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில நூறு வீரர்கள் கரைந்துபோவார்கள். ஆம்ஹர்ஸ்டில் கரைய முடியாது.

இரண்டாம் கணக்கு: பத்தில் ஒரு வரி

கோச்சின் பட்டியலில் இல்லாத மற்ற எல்லா மாணவருக்கும் விளையாட்டு என்பது விண்ணப்பத்தில் ஒரு வரி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள். ஒவ்வொன்றிலும் பதவியின் பெயருக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100 எழுத்து, விவரத்துக்கு 150 எழுத்து. எந்த எந்த வகுப்பில் செய்தாய், வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்ற கேள்விகள். நான்கு ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதான் இடம். ஒரு எஸ்எம்எஸ் அளவு.

அந்தப் பெட்டியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைப்போம்:

‘அணித் தலைவராகப் பொறுப்பேற்று, கடின உழைப்பும் ஒற்றுமையும் கற்றேன். தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன். அணியின் வெற்றிக்குப் பாடுபட்டேன்.’

இன்னொருவர்:

‘புதிய 9ஆம் வகுப்பு ஓட்டக்காரர் 14 பேருக்குச் சனிக்கிழமைப் பயிற்சி. கார் இல்லாதவர்க்கு வண்டிப் பட்டியல். பாதியில் நின்றவர் 2. போன ஆண்டு 9.’

முதலாமவர் கேப்டன். இரண்டாமவர் கேப்டனா இல்லையா என்பதே தெரியவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. ஒரு நாளில் பல பத்து விண்ணப்பங்களைச் சில நிமிடங்கள் வீதம் படிக்கும் அதிகாரிக்கு முதல் வரி கண்ணில் படவே படாது. அதே வரியை அன்று காலையிலிருந்து ஏற்கெனவே பல முறை படித்திருப்பார்.

மணிக்கணக்கும் சும்மா கேட்கப்படுவதில்லை. வாரம் 15 மணி, 12 வாரம் என்றால் ஒரு பருவத்துக்கு 180 மணி. இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிரில் உள்ளரங்க ஓட்டம், வசந்தத்தில் தடகளம் என்று மூன்று பருவமும் ஓடுபவருக்கு ஆண்டுக்கு 540. இப்படி ஓடிக்கொண்டே கடினமான பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் என்று படிப்பவர் அந்த எண்ணை மனதில் குறித்துக்கொள்வார். அதேபோல் பத்துச் செயல்பாடுகளையும் கூட்டினால் வாரம் 80 மணி வருகிறதென்றால் அதையும் குறித்துக்கொள்வார்.

ஹார்வர்டின் ஐந்து படிகள்

மேலே சொன்ன வழக்கில் வெளிவந்த, விண்ணப்பம் படிப்பவர்களுக்கான வழிகாட்டியில் விளையாட்டுக்குத் தனி மதிப்பீடு இருந்தது. படிப்பு, பிற செயல்பாடு, ஆளுமை போன்றவற்றுக்குத் தருவதுபோலவே இதற்கும் ஒரு எண். 1 என்பது உச்சம்.

1. ஹார்வர்ட் அணியில் ஆடும் தகுதி அபூர்வமாக உள்ளவர். ஹார்வர்ட் கோச்சுகளே கேட்பவர்.
2. பள்ளி மட்டத்தில் வலுவான பங்களிப்பு. தலைமைப் பொறுப்பும் இருக்கலாம்.
3. தொடர்ந்த பங்கேற்பு.
4. ஈடுபாடு கொஞ்சம், அல்லது இல்லை.
5. வீட்டுப் பொறுப்பு, சம்பள வேலை போன்றவற்றில் கணிசமான நேரம் செலவிடுபவர்.

ஆறாவதாக, உடல்நிலை காரணமாக ஆட முடியாதவர்களுக்கு ஒரு குறி. அது படி அல்ல, வெறும் குறிப்பு.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தாலே கட்டுரையில் பாதி முடிந்துவிடும். 1க்கும் 2க்கும் நடுவே இருப்பது திறமையின் அளவு மட்டும் இல்லை. ‘கோச்சுகளே கேட்பவர்’ என்ற மூன்றாம் மனிதரின் குரல். கேப்டன் பதவி எவ்வளவு பெரிதானாலும் 2ஆம் படியில்தான் நிற்கும். 2 கெட்ட எண் இல்லை. ஆனால் படிப்பில் 2 வாங்கியவர்கள் அந்தக் குவியலில் ஏராளம். விளையாட்டிலும் 2 என்பது அந்த மாணவரைக் கொஞ்சம் வேறுபடுத்திக் காட்டும், தானாகக் கதவைத் திறக்காது. நம் இரண்டாம் மாணவன் இருந்த இடம் இதுதான்.

5ஆம் படியும் முக்கியம். மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதாலோ கடையில் நிற்பதாலோ எந்த அணியிலும் சேர முடியாத பிள்ளை ‘ஈடுபாடு இல்லாதவர்’ என்று தள்ளப்படவில்லை. காமன் ஆப்பின் செயல்பாட்டு வகைகளிலும் ‘குடும்பப் பொறுப்புகள்’, ‘சம்பள வேலை’ என்று தனித்தனியாக உண்டு. 2016 ஜனவரியில் ஹார்வர்ட் கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த ஒரு அறிக்கையும் நீளமான பட்டியல்களைக் கைவிட்டு இவற்றுக்கு மதிப்புத் தரச் சொன்னது. நம் வீடுகளில் இதை எழுத வெட்கப்படுகிறார்கள். பாட்டியை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் பையன் அதை விட்டுவிட்டு, ஒரு கோடையில் இரண்டு வாரம் போன ‘லீடர்ஷிப் கேம்ப்’பை எழுதுகிறான்.

தலைமை என்ற சொல் எங்கிருந்து வந்தது

படிப்புக்குச் சேரும் இடத்தில் பந்தும் பதவியும் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இன்றும் இதைக் கேட்பதில்லை. பாடத்தில் உள்ள ஆழம்தான் அங்கே கணக்கு. வேடிக்கை என்னவென்றால், விளையாட்டையும் தலைமையையும் கல்வித் தேர்வில் எழுத்தாக்கிய பழைய ஆவணங்களில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆள் அனுப்பவே எழுதப்பட்டது. 1902இல் இறந்த சிசில் ரோட்ஸின் உயில், தன் பெயரிலான உதவித்தொகைக்குப் படிப்போடு சேர்த்து, ஆண்மை மிக்க வெளிப்புற விளையாட்டுகளில் விருப்பமும் வெற்றியும், முன்னின்று நடத்தும் இயல்பும் வேண்டும் என்றது. பேரரசை நடத்த ஆள் தேடியவரின் கண்ணோட்டம் அது.

அமெரிக்கக் கிளை இன்னும் கசப்பானது. 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆகிவிட்டார்கள். நுழைவுத் தேர்வை மட்டும் வைத்தால் அவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவெல் 1922இல் நேரடி உச்சவரம்பு கேட்டார், எதிர்ப்பு வந்தது. 1926 வாக்கில் வேறு வழி கிடைத்தது: ‘குணநலன்’, ‘ஆளுமை’ ஆகியவற்றையும் பார்ப்பது, கூடவே புகைப்படமும் கேட்பது. மதிப்பெண்ணில் வெல்பவரை ‘புத்தகப் புழு’ என்று ஒதுக்க, மைதானமும் தலைமையும் கைகொடுத்தன. ஆசிய வம்சாவளி மாணவர்களின் ஆளுமை மதிப்பீடு ஏன் குறைவாக இருக்கிறது என்று 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் கேட்கப்பட்டபோது, பழைய கேள்வி புது முகத்தோடு வந்தது என்றே பலர் கருதினார்கள். அந்தப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை விசாரணை நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2023இல் இன அடிப்படையை நீக்கியபோதும் தலைமையை நீக்கவில்லை. தன் பண்பாடு தந்த உந்துதலில் ஒரு மாணவர் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தால், அதை அந்தத் தனிமனிதரின் திறனாகக் கணக்கில் எடுக்கலாம் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆக அந்தச் சொல்லின் எடை இப்போது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கேப்டன் பதவியை எப்படிப் படிக்கிறார்கள்

1. பதவி எப்படி வந்தது? சக வீரர்கள் ஓட்டுப் போட்டதா, கோச் நியமித்ததா, 12ஆம் வகுப்பில் உள்ள எல்லோரும் ‘கோ-கேப்டன்’ என்ற வழக்கமா? மூன்றும் ஒன்றல்ல.

2. அதை வேறு யாராவது சொல்கிறார்களா? ஆசிரியர், பள்ளியின் கல்வி ஆலோசகர் கடிதங்களில் அதே பிள்ளை தெரிய வேண்டும். வகுப்பில் தடுமாறும் நண்பனுக்குப் பாடம் சொல்லித்தரும் பழக்கத்தை வேதியியல் ஆசிரியர் எழுதினால், அது கேப்டன் என்ற சொல்லைவிடக் கனமானது.

3. எப்போது வந்தது? இது பலர் ஏமாறும் இடம். தடகளம், பேஸ்பால், லக்ராஸ் போன்ற வசந்தகால விளையாட்டுகளில் 12ஆம் வகுப்புக்கான கேப்டன் பெயர் பல பள்ளிகளில் பிப்ரவரி, மார்ச்சில்தான் அறிவிக்கப்படும். விண்ணப்பமோ நவம்பரிலும் ஜனவரியிலும் போய்விடும். அதாவது, நான்கு ஆண்டு காத்திருந்து வாங்கிய பதவி விண்ணப்பத்தில் இருக்கவே இருக்காது. 10, 11ஆம் வகுப்பில் பதவி இல்லாமல் செய்த வேலைதான் அங்கே பேச வேண்டும்.

4. படிப்பவருக்கு அந்தப் பதவி புரியுமா? சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிப்பவர்கள் எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்), பிரிஃபெக்ட் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். எத்தனை மாணவருக்கு, தேர்தலா நியமனமா, என்ன வேலை என்று அரை வரி சேர்க்காவிட்டால் அமெரிக்க வாசகருக்கு அது வெறும் எழுத்து.

11ஆம் வகுப்புக் கோடையில் திடீரென்று முளைத்து, விண்ணப்பம் போன மறுநாள் இணையதளம் படுத்துவிடும் ‘நான்-பிராஃபிட்’ நிறுவனர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. படிப்பவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்.

எல்லாக் கல்லூரியும் ஹார்வர்ட் இல்லை

டெக்சஸில் 1997இல் வந்த சட்டப்படி, பள்ளி வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு குறைக்கப்பட்டு, 2026 சேர்க்கைக்கு 5 சதவீதம் ஆகியிருக்கிறது. அந்த வரிசையில் கேப்டனுக்கு இடமே இல்லை. எந்தத் துறை கிடைக்கும் என்பதில்தான் மற்றவை எட்டிப் பார்க்கும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. செயல்பாடுகளுக்கும் விருதுகளுக்கும் 20 இடங்கள் தருகிறது. அதன் எட்டுக் குறுங்கட்டுரைக் கேள்விகளில் முதலாவதே தலைமை பற்றியது. எட்டில் நான்கைத்தான் எழுத வேண்டும் என்பதால், அதைத் தொடாமலும் போகலாம்.

ஒரு கல்லூரி இவற்றை எவ்வளவு மதிக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற பொது ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில் பாடத் தேர்வு, மதிப்பெண், செயல்பாடு, திறமை, குணநலன், சம்பள வேலை என்று ஒவ்வொன்றுக்கும் ‘மிக முக்கியம்’ முதல் ‘பார்ப்பதில்லை’ வரை நான்கு கட்டங்கள். கல்லூரியின் பெயரோடு அந்த ஆவணத்தின் பெயரைத் தேடினால் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் ஆலோசகர்கள் முதல் சந்திப்பில் காட்டுவது பெரும்பாலும் இந்த இலவச அட்டவணையைத்தான்.

யாருக்குச் சாதகம்

2019 மார்ச் 12 அன்று வெளிவந்த சேர்க்கை ஊழல் முதல் கணக்கின் பலத்தை வேறு விதத்தில் காட்டியது. ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், தன் பிழைப்பை ‘பக்க வாசல்’ என்று சொல்லிக்கொண்டார். சொந்தத் தகுதியில் போவது முன்வாசல்; கோடிகளைக் கொட்டிப் போவது பின்வாசல்; கோச்சுக்குப் பணம் கொடுத்து, ஆடவே தெரியாத பிள்ளையை வீரர் பட்டியலில் ஏற்றுவது பக்க வாசல். துடுப்புப் போடாத பெண்ணைப் படகு அணி ரிக்ரூட் என்று காட்டினார்கள். யேல், ஜார்ஜ்டவுன், தெற்குக் கலிஃபோர்னியா எனப் பல பல்கலைக்கழக கோச்சுகள் சிக்கினார்கள். 50 பேருக்கு மேல் வழக்கு. சிங்கருக்கு 2023இல் மூன்றரை ஆண்டு சிறை. இது ஏன் நடந்தது என்றால், கோச் எழுதிய பெயரை அட்மிஷன் ஆபீஸ் அநேகமாகக் கேள்வி கேட்பதில்லை என்பதால்தான்.

ஊழல் இல்லாமல், முறைப்படி நடப்பதிலும் சாய்வு உண்டு. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் மூவரும் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, எட்டு ஐவி கல்லூரிகளோடு ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி, டியூக், சிகாகோவையும் சேர்த்துப் பார்த்தது. ஒரே எஸ்ஏடி மதிப்பெண் உள்ளவர்களில், வருமானத்தில் உச்ச 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை இங்கே சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரு மடங்குக்கும் மேல். கல்லூரிகள் இடம் தருவதில் உள்ள சாதகத்துக்குக் காரணங்கள் மூன்று: முன்னாள் மாணவர் வாரிசு, படிப்பு அல்லாத மதிப்பீடுகள், விளையாட்டு ரிக்ரூட்டிங். அந்தச் சாதகத்தில் ஏறக்குறையக் கால் பங்கு மூன்றாவதால் வருகிறது. படகு, வாள்வீச்சு, ஸ்குவாஷ், லக்ராஸ் ஆகியவற்றை எந்தப் பள்ளிகள் வைத்திருக்கின்றன என்று யோசித்தால் இது ஆச்சரியம் தராது.

நம்மவர் ஆடும் ஆட்டங்களுக்கும் இங்கே ஒரு வரைபடம் உண்டு. கிரிக்கெட் என்சிஏஏ விளையாட்டு இல்லை. கபடியும் சதுரங்கமும் இல்லை. இவற்றில் எவ்வளவு உயரம் போனாலும் அது இரண்டாம் கணக்கில், செயல்பாட்டு வரியில்தான் எழுதப்படும். தேசிய அளவு என்றால் வலுவான வரி. ஸ்குவாஷும் என்சிஏஏவுக்குக் கீழ் வராது, தனிச் சங்கம். ஆனால் ஐவி கோச்சுகள் அதற்கு ஆள் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவில் படித்து ஆடியவர். டென்னிஸில் சென்னையோடு தொடர்புடைய சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆண்டுகளில் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். முதல் டிவிஷன் ஆண்கள் டென்னிஸில் இன்று பாதிக்கு மேல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். உள்ளூர்ப் பள்ளி கேப்டன் போட்டியிடுவது யாரோடு என்று இதிலிருந்து தெரியும்.

2025இல் மாறியது

2025 ஜூன் 6 அன்று வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த ‘ஹவுஸ்’ சமரசத்தால், முதல் டிவிஷன் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2.05 கோடி டாலர் வரை. செய்திகளில் இதுதான் அடிபட்டது. 12ஆம் வகுப்பு மாணவரைத் தொடுவது வேறு ஒரு விதி: இத்தனை உதவித்தொகைதான் என்ற வரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. ஆண்கள் டென்னிஸில் முன்பு 4.5 உதவித்தொகையைப் பிரித்துத் தரலாம். ஆட்கள் எத்தனை பேரும் இருக்கலாம். இப்போது பத்துப் பேருக்கும் முழுத் தொகை தரலாம், பதினொன்றாவது ஆள் கூடாது. அமெரிக்க ஃபுட்பாலில் 105. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கே இந்த வரம்பு. ஐவி லீக் சேரவில்லை. அணியின் கடைசி வரிசையில் உதவித்தொகை இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த ‘வாக்-ஆன்’ இடங்கள் இதனால் சுருங்குகின்றன. போதாததற்கு, வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடித் தேறிய மாற்றல் ஆட்டக்காரர் கிடைக்கும்போது 17 வயதுப் பிள்ளைக்காகக் காத்திருக்க கோச்சுக்கு அவசியம் குறைந்துவிட்டது.

கோச் சொல்வதும் அதன் பொருளும்

எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதை விருதுப் பட்டியலைவிடக் கோச்சிடமிருந்து வரும் மின்னஞ்சல்தான் தெளிவாகச் சொல்லும்.

1. ‘எங்கள் கோடைக் கேம்ப்புக்கு வா.’ நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போகும் அழைப்பு. கட்டணம் உண்டு. இதற்கு ஆர்வம் என்ற பொருள் கிடையாது.

2. ‘உன்னைத் தொடர்ந்து கவனித்து வருகிறோம்.’ பட்டியலில் முன்னால் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வேறு இடம் போனால் பேசலாம்.

3. ‘அட்மிஷன் கிடைத்து வந்தால் அணியில் சேர்த்துக்கொள்கிறேன்.’ இது வாக்-ஆன். கேட்க இனிப்பாக இருக்கும். சேர்க்கையில் பெரும்பாலும் ஒரு உதவியும் இல்லை. அந்த மாணவர் இரண்டாம் கணக்கில்தான் இருக்கிறார்.

4. ‘மார்க் லிஸ்டையும் எஸ்ஏடி ஸ்கோரையும் அனுப்பு. அட்மிஷன் ஆபீஸில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.’ முதல் கணக்கு இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. 11ஆம் வகுப்புக் கோடை முடியும்வரை எந்தக் கோச்சிடமிருந்தும் இது வரவில்லை என்றால், செப்டம்பரில் உட்கார்ந்து அந்த 150 எழுத்தை எழுதத் தொடங்கலாம்.